ஆலங்கட்டிச் சங்கத்துச் செயலர்

டூரின், 3 ஏப்ரல் 1960

அன்புள்ள அண்ணா கிராத்தோவுக்கு,

இங்கே நானும் ஒரேஸ்தேயும் சுகம். உங்கள் இடுப்பு வலி குளிரோடு போயிற்றா? தம்பி எமேரிகோவின் இருமல் எப்படி? சுரங்கத்திலிருந்து அவன் எழுதும் இரண்டு வரியில் இருமலைப் பற்றி ஒன்றும் இருப்பதில்லை.

ஒரு வேலை சொல்ல வேண்டும். எங்கள் ஒயின் கடைக்கு வருபவர்களுக்கு எல்லோரும் அறிந்த பெரிய சிவப்பு ஒயின்கள் அலுத்துவிட்டன. போன வாரம் நம் ஊர் வில்லாரேயின் வெள்ளை ஒயினை ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். "மலை மேல விளையிற ஒயினா? தொண்டைய அறுக்குமேம்மா" என்றார். குடித்தார். கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னொண்ணு ஊத்துங்க, சரியா அறுக்குதான்னு பாக்கணும்" என்றார்.

நீங்கள் நம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய், வெளியே யாரும் அறியாத ஒயின்களாகப் பார்த்து, வகைக்கு ஆறு புட்டி அனுப்புங்கள். எதிர்க்கரை கொம்பாவையும் விட்டுவிடாதீர்கள். இது ஓடினால் எமேரிகோ சுரங்கத்தை விட்டுத் திராட்சைக் கொடிக்குத் திரும்பலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உங்கள் தங்கை,
டெல்ஃபீனா

*

வில்லாரே, 26 ஏப்ரல் 1960

அன்புத் தங்கை டெல்ஃபீனாவுக்கு,

உன் கடிதம் ஏழாம் தேதி கிடைத்தது. என் இடுப்பு தாங்கத்தக்க நிலையில் உள்ளது. உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் தொடர விழைகிறேன்.

நீ பணித்தவாறு பதினான்கு நாட்களில் ஒன்பது ஊர்களில் முப்பத்தொரு பீப்பாய்களைச் சுவைத்தேன். கீழ்ப் பள்ளத்தாக்கில் ஃபுமின் என்னும் கருஞ்சிவப்பு, புகையும் மிளகும் கலந்த மணம் உடையது. இளமையில் கரடுமுரடு, மூன்றாண்டு காத்திருக்கத்தக்கது. மயோலே என்னும் இன்னொரு சிவப்பு மென்மையானது, ஆயின் தேக்கி வைக்க ஏற்றதன்று. ஆயிரம் மீட்டருக்கு மேல், நம் ஊரிலும் கொம்பாவிலும் விளையும் பிரியே என்னும் திராட்சையின் வெள்ளை ஒயினே எல்லாவற்றிலும் தனித்து நிற்கிறது. முழங்கால் உயரப் பந்தலின் கீழ் படுத்துக்கொண்டு பறிக்கும் இக்குலைகளில் இவ்வளவு தூய்மை இருக்குமென நகரத்தார் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கொம்பாவில் லெயோன்சியோவின் நிலவறைக்குச் சென்றேன். அவன் மனைவி அகத்தா நாற்காலி போட்டாள். அவன் போடவில்லை.

"வாங்க செயலரே. ராக்கெட்ட வச்சு ஆலங்கட்டிய எங்க பக்கம் தள்ளி விடுறவரு, பீப்பாய் பாக்க வந்திருக்காரு" என்றான்.

ராக்கெட் மேகத்தைக் கலைக்குமே அன்றித் தள்ளாது என்று விளக்கினேன்.

"அப்ப எங்களயும் உங்க ஆலங்கட்டித் தடுப்புச் சங்கத்துல சேத்திருக்கலாமே. போன வருஷம் மனு குடுத்தேன். ரெண்டு நாள் பிந்திடுச்சுன்னு திருப்பிட்டீங்க."

"விதி நான்கு. மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள்."

"ஆலங்கட்டிக்கும் அந்தத் தேதிய சொல்லி வச்சீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். அகத்தா சிரிக்கவில்லை.

அவனுடைய வெள்ளை ஒயின் என்னுடையதை விடச் சிறந்தது. பச்சை ஆப்பிளும் காய்ந்த வைக்கோலும் மணக்கிறது. விழுங்கிய பின்பும் நாக்கில் நெடுநேரம் நிற்கிறது. உண்மை என்பதால் எழுதுகிறேன். இரண்டு ஊர் வெள்ளையிலும் ஆறு வீதம் பன்னிரண்டு புட்டிகள் அனுப்பியுள்ளேன்.

உன் அண்ணன்,
கிராத்தோ

*

டூரின், 5 ஜூன் 1960

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மலைக்காற்றை நினைத்தாலே ஏக்கமாக இருக்கிறது.

பெரிய ஓட்டல் ஒன்றின் மேலாளர் வந்தார். இரண்டு வெள்ளைகளையும் மாறி மாறிக் குடித்தார். வரும் அறுவடையில் வில்லாரேயில் முந்நூறு புட்டி, கொம்பாவில் முந்நூறு புட்டி கேட்டிருக்கிறார். "ஒரே திராட்சை, நடுவுல ஒரு ஆறு. இவ்வளவு வித்தியாசமா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பேன்" என்றார்.

எமேரிகோவுக்கும் எழுதிவிட்டேன். சுரங்கத்தில் கணக்கு முடித்துக்கொண்டு இம்மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறானாம். அவன் கோபத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். லெயோன்சியோவிடமும் நல்லபடி சொல்லுங்கள். அவர் இல்லாமல் இந்த வியாபாரம் பாதிதான்.

அன்புடன்,
டெல்ஃபீனா

*

வில்லாரே, 19 ஜூலை 1960

அன்புத் தங்கைக்கு,

நானும் எமேரிகோவும் உயிரோடிருக்கிறோம். முதலில் இதைச் சொல்வது முறை.

பன்னிரண்டாம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்கு மேற்கே பச்சை நிற மேகம் தென்பட்டது. விதிப்படி பதினொரு ராக்கெட்டுகளை ஏவினோம். நம் கரையில் மழை மட்டுமே பெய்தது. கொம்பாவில் ஒன்பது நிமிடம் ஆலங்கட்டி விழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு விளைச்சல் தரையில். லெயோன்சியோவின் கழுதை நெற்றியில் அடிபட்டு இறந்தது.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் அனைவரும் கோவிலில் வழிபாட்டில் இருந்த ஒரு மணி நேரத்தில், நம் மேல் அடுக்கில் நூற்று நாற்பது கொடிகள் ரம்பத்தால் அறுக்கப்பட்டன. தரைமட்டத்திற்கு ஒரு விரற்கடை கீழே, மண்ணை விலக்கி அறுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டுவாயிலும் டீசல் ஊற்றப்பட்டிருந்தது. வேரை அரிக்கும் வேர்ப்பேன் ஏறாத இந்தக் குளிரில், ஒட்டுப் போடாமல் தம் சொந்த வேரிலேயே எண்பது ஆண்டு நின்ற கொடிகள் அவை. இனித் துளிர்க்கா.

காவல் நிலைய மார்ஷலிடம் முறையாகப் புகார் எழுத அமர்ந்தேன். எமேரிகோ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "எழுதுங்கண்ணே, அழகா எழுதுங்க. நான் போய்ப் படிச்சுக் காட்டிட்டு வர்றேன்" என்று புறப்பட்டான். கொம்பாவின் மது மனையில், பதினோரு பேர் முன்னிலையில், லெயோன்சியோவின் முகத்தை மேசை விளிம்பில் மும்முறை மோதினான். கீழ்த்தாடை இரண்டு இடங்களில் முறிந்தது. நான்கு பற்கள்.

யார் அறுத்தார் என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அண்ணன்,
கிராத்தோ

*

டூரின், 23 ஜூலை 1960

அண்ணா,

நலம் விசாரிக்கக் கூட மனம் வரவில்லை. எமேரிகோவை உடனே ரயில் ஏற்றி இங்கே அனுப்புங்கள். ராக்கெட் ஏவுவதை நிறுத்துங்கள். லெயோன்சியோவைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதியாவது மண்ணாவது. பற்களை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெல்ஃபீனா

*

வில்லாரே, 14 ஆகஸ்ட் 1960

அன்புத் தங்கைக்கு,

உன் கவலை புரிகிறது. உடலைக் கெடுத்துக்கொள்ளாதே.

சங்கத்தின் விதிகளைச் செயலர் தனித்து மாற்ற இயலாது. பொதுக்குழு ஜனவரியில் கூடும். எமேரிகோ டூரினுக்கு வர மறுக்கிறான்.

ஏழாம் தேதி காலை லெயோன்சியோவும் நால்வரும் கொடி வெட்டும் அரிவாள்களோடு பாலத்தைக் கடந்து ராக்கெட் ஏவு மேடைக்கு வந்தார்கள். தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்ததால் லெயோன்சியோ பேசவில்லை. அவனுக்காக அவன் மைத்துனன் பேசினான்: "செயலரே, ஓரமா நில்லுங்க. உங்களத் தொட்டா அதுக்கும் ஒரு படிவம் நீட்டுவீங்க." மூன்று ஏவு சட்டங்களில் இரண்டை உடைத்தார்கள். எமேரிகோ மண்வெட்டியோடு ஓடி வந்து ஒருவனின் தோள்பட்டையைப் பிளந்தான். லெயோன்சியோவின் அரிவாள் எமேரிகோவின் வலது மணிக்கட்டில் இறங்கியது. தசைநாண்கள் அறுந்தன. பதினேழு தையல். மூன்று விரல்கள் இனி மடங்கா என்று மருத்துவர் கூறுகிறார்.

நான் ஓரமாகத்தான் நின்றிருந்தேன். குருதியைக் கழுவ நான்கு வாளி நீர் தேவைப்பட்டது.

மூன்றாவது சட்டம் பழுதின்றி உள்ளது. ராக்கெட் அறையின் சாவி என் இடுப்பை விட்டு அகல்வதில்லை.

கிராத்தோ

*

டூரின், 9 செப்டம்பர் 1960

அன்புள்ள அண்ணா,

நலமா? நான்கு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் கடிதம் தவறியதே கிடையாது.

செய்தித்தாளில் பார்த்தேன். மூன்றாம் தேதி லெயோன்சியோ ஆலங்கட்டி ராக்கெட் நெஞ்சில் பாய்ந்து இறந்தார், எமேரிகோ தானே ஏவியதாக ஒப்புக்கொண்டான், அவர் மனைவியும் அவனைத்தான் அடையாளம் காட்டினார் என்று போட்டிருக்கிறது. இருபது வருடம் கிடைக்கலாம் என்கிறார் ஒரேஸ்தே. சுரங்கத்திலிருந்து அவனை வெளியே இழுத்தவள் நான்தானே அண்ணா.

என்ன நடந்தது? சாவி உங்களிடம் அல்லவா இருந்தது?

டெல்ஃபீனா

*

வில்லாரே, 17 செப்டம்பர் 1960

அன்புத் தங்கைக்கு,

நலம். தாமதத்திற்கு வருந்துகிறேன்.

அறுவடை இருபத்தாறாம் தேதி தொடங்கும். எஞ்சிய கொடிகளில் இருநூறு புட்டிக்கு மேல் தேறாது. ஓட்டல்காரருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடு. குறிப்பிட்ட நாளில் நான் விதிப்படி மேடையில் பணியில் இருந்தேன். ராக்கெட் ஒன்று செலவானது. பதிவேட்டில் உரிய வரியில் ஏற்றியுள்ளேன். மேடைக்கு அரசு முத்திரை வைத்திருக்கிறார்கள். எமேரிகோவுக்குக் கம்பளிச் சட்டை இரண்டு அனுப்பினேன்.

இரவுகளில் குளிர் கூடிவிட்டது.

கிராத்தோ

*

டூரின், 2 அக்டோபர் 1960

அண்ணா,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். கேட்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன்.

வியாழனன்று சிறைக்குப் போய் எமேரிகோவைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு நின்றான்.

"பதினாறு வருஷம் சுரங்க இருட்டுல கெடந்தவனுக்கு இது ஒண்ணும் பெரிசில்லக்கா. இங்க ஜன்னல் வேற இருக்கு."

"நீதான் விட்டியாடா?"

"ஆமா. இடது கையால."

"ஒரு கையால சட்டத்தப் பிடிச்சு, இன்னொரு கையால கயிற இழுக்கணும்னு நீயே சின்ன வயசுல எனக்குக் காட்டியிருக்கே. வலது கையில விரலே மடங்கலையேடா."

சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணன்கிட்ட எதுவும் கேக்காதே. நான் முரடன்னு ஊருக்கே தெரியும். எனக்கு இது பொருந்தும். அவரு உள்ள போனா ஊர்ல ஒரு மனுவ ஒழுங்கா எழுத ஆளிருக்காது." அவ்வளவுதான். திரும்பி நின்றுகொண்டான்.

அவன் கேட்காதே என்றான். நான் கேட்கிறேன். அண்ணா, நீங்களா?

டெல்ஃபீனா

*

வில்லாரே, 11 அக்டோபர் 1960

அன்புத் தங்கை டெல்ஃபீனாவுக்கு,

உடல் நலம். ஏனையவை கீழ்வருமாறு.

செப்டம்பர் மூன்றாம் தேதி மாலை நான்கு இருபதுக்கு மேற்கே மேகம் கறுத்தது. மேடையில் நான் மட்டும் இருந்தேன். இருவர் இருக்க வேண்டும் என்பது விதி. எமேரிகோ கட்டு மாற்றச் சென்றிருந்தான். லெயோன்சியோ பாலத்தைக் கடந்து தனியாக வந்தான். கையில் ஒன்றும் இல்லை. அகத்தா பாலத்தின் முனையில், மேடைக்கு முப்பது மீட்டர் கீழே நின்றாள்.

அவனுடைய தாடைக் கம்பி அவிழ்க்கப்பட்டிருந்தது. மெல்லப் பேசினான். "இந்த ஒரு தடவ விடாதீங்க செயலரே. எங்களுக்கு மிஞ்சினது மூணுல ஒரு பங்கு. அதையாவது பறிச்சுக்கறோம்."

"மேகம் தென்பட்டால் ஏவ வேண்டும் என்பது விதி" என்றேன். விலகுமாறு மும்முறை எச்சரித்தேன். அவன் சட்டத்தின் முனையை இரு கைகளாலும் பற்றித் தன் எடை முழுவதையும் போட்டுக் கீழே அழுத்தினான். வானை நோக்கியிருந்த முனை இறங்கி, அவன் மார்புக்கு நேராக வந்து நின்றது.

அறுபது டிகிரிக்குக் கீழ் ஏவக் கூடாது. ஏவும் முன் கோணத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அளவுத் தகட்டைப் பார்த்தேன். "எட்டு" என்று படித்தேன். அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். கயிற்றை இழுத்தேன்.

கை நழுவவில்லை. மேகத்தை நான் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பதினொரு மீட்டர் தொலைவில் இருந்த கல் அடுக்கு வரை அவன் இருந்தான். பற்களை எண்ணியது குறித்து நீ முன்பு எழுதியதை மதித்து, இதற்கு மேல் விவரிக்கவில்லை.

வெட்டப்பட்ட கொடிகள், தம்பியின் கை, இவற்றைக் காரணமாக எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். ஏப்ரலில் அவனுடைய ஒயினை விழுங்கிய போது, என்னுடையது அதற்கு ஈடாகாது என்பது உறுத்தியது. அதையும் எழுதி அடித்துவிட்டேன். எதுவும் அந்தத் தருணத்தில் என் மனத்தில் இருந்ததாக நினைவில்லை.

எமேரிகோ வெடியோசை கேட்டு ஓடி வந்தான். "வீட்டுக்குள்ள போங்கண்ணே" என்று என்னைத் தள்ளினான். நான் சென்றேன். ஐந்து வாரங்கள் உள்ளே இருந்தேன். நாளை மார்ஷலிடம் செல்கிறேன்.

கிராத்தோ

*

வில்லாரே, 30 அக்டோபர் 1960

அன்புத் தங்கைக்கு,

நலம். அறுவடை முடிந்தது. பழரசம் பொங்கத் தொடங்கியுள்ளது.

மார்ஷல் என் வாக்குமூலத்தை இறுதி வரை கேட்டார். பிறகு எனக்கு ஒரு கோப்பை காப்பி வரவழைத்தார்.

"செயலரே, பாலத்துல சைக்கிள விட்டு இறங்கித் தள்ளிட்டுப் போகணும்னு பலகை வச்சிருக்கு. இந்த ஊர்ல இறங்கித் தள்ளுறது நீங்க ஒருத்தர்தான். நீங்க எட்டு டிகிரியில விட்டீங்கன்னா எந்த நீதிபதி நம்புவாரு? தம்பிய காப்பாத்தணும்னு நெனைக்கிறீங்க. புரியுது. வீட்டுக்குப் போங்க."

வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்க்குமாறு வற்புறுத்தினேன். சாட்சியின் சொல்லுக்கு மாறாக இருப்பதால் பயனில்லை என்றார். எனவே சாட்சியிடம் சென்றேன்.

அகத்தா நிலவறையில் பீப்பாய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழவில்லை.

"நீங்கள் பார்த்தீர்கள்" என்றேன்.

"பாத்தேன். உங்களத்தான் பாத்தேன்."

"பின் ஏன் எமேரிகோவைக் காட்டினீர்கள்?"

"உங்கள உள்ள போட்டா நிம்மதியா இருப்பீங்க. மணி அடிச்சா எந்திரிப்பீங்க, மணி அடிச்சா சாப்பிடுவீங்க, மணி அடிச்சா படுப்பீங்க. உங்களுக்குன்னே கட்டின வீடு அது. தம்பி உள்ள கெடந்தாத்தான் உங்களுக்கு எரியும். இருபது வருஷம் எரியட்டும்." தேய்க்கும் தூரிகையை என் காலடியில் எறிந்தாள். "போங்க. ஈரத் தரை."

விசாரணை டிசம்பர் ஐந்தில். மார்ஷலுக்கு நம்பிக்கை வராமைக்குக் காரணம் ஒன்றே: நான் விதியை மீறியதை அவர் கண்டதில்லை. ஆகவே வரும் ஏழாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஏவு மேடைக்கு வருமாறு அவருக்கும் அகத்தாவுக்கும் எழுத்து மூலம் தெரிவித்துள்ளேன். அன்று நீ இங்கு வர வேண்டாம்.

கிராத்தோ

*

வில்லாரே, 20 நவம்பர் 1960

அன்பு அக்கா,

நான் வீட்டில் இருக்கிறேன். விட்டுவிட்டார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்குத் தனியாக அபராதம் போடுவார்களாம், பரவாயில்லை. கை அப்படியேதான் இருக்கிறது. இருமல் குறைவு. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். நீயும் அத்தானும் சுகமா?

ஏழாம் தேதி நடந்ததை நான் பார்க்கவில்லை. மார்ஷல் சொன்னதை எழுதுகிறேன். பத்து மணிக்கு அண்ணன் கோட்டும் டையுமாக மேடையில் நின்றிருக்கிறார். மார்ஷல் ஏதோ பொருட்கணக்கு எடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். கவாத்துக் கத்தியால் அரசு முத்திரையை அறுத்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. "செயலரே, கைய எடுங்க" என்று கத்தியிருக்கிறார். அதற்குள் அண்ணன் ராக்கெட்டை ஏற்றிச் சட்டத்தை நம் தோட்டத்தை நோக்கித் திருப்பி இறக்கிவிட்டார். தகட்டைப் பார்த்து "எட்டு" என்று படித்தார். இழுத்தார்.

மிச்சமிருந்த கொடிகளில் அறுபத்து மூன்று போயின. கற்சுவர் சரிந்தது. மார்ஷல் வண்டிக்கடியில் கிடந்தார். பறந்து வந்த கல் ஒன்று அண்ணனின் இடது முழங்காலை நொறுக்கிவிட்டது. விழுந்தார். படுத்தபடியே பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தாராம்.

அகத்தா அன்று நின்ற அதே பாலத்து முனையில்தான் நின்றிருக்கிறாள். அவள் வரமாட்டாள் என்றுதான் மார்ஷல் நினைத்திருந்தார். தூசி அடங்குவதற்குள் மேலே ஏறி வந்தாளாம். அண்ணனைப் பார்க்காமல் மார்ஷலைப் பார்த்துப் பேசினாள்.

"நான் பொய் சொன்னேன், எழுதிக்குங்க. இவருதான் விட்டாரு. அன்னைக்கும் இப்படித்தான், சந்தையில எடை சொல்றவன் மாதிரி, எட்டுன்னு படிச்சாரு."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று மார்ஷல் கேட்டிருக்கிறார்.

"வெளிய கெடந்து எரியட்டும்னு விட்டிருந்தேன். எரியல. எரிஞ்சிருந்தா இந்தக் குரல் ஒரு தடவையாவது நடுங்கியிருக்கும். கூட்டிட்டுப் போங்க. இந்தக் குரல் ஆத்துக்கு இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம்."

அண்ணன் இப்போது சிறை மருத்துவமனையில் இருக்கிறார். பார்க்க அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. சீட்டில் என் பெயர்தான் இருக்கிறது. ஐந்து நாளாக மேசை மேல் கிடக்கிறது. அந்தக் குரலில் என் நலத்தை விசாரிப்பார் அக்கா. நீ உன் பெயரில் ஒரு சீட்டு வாங்கி முதலில் போய் வா.

தம்பி,
எமேரிகோ